கெளுத்தி மீனும் ஒரு மேக்ரோ பொத்தானும்

ஒரு கட்டுரைத் தொகுப்புக்குச் சொல்லடைவு தயாரிக்கும்போதுதான் இது பிடிபட்டது. 'கொடை' என்று தேடினால் வேர்ட் சில இடங்களைக் காட்டுது, சிலதைக் கண்டுக்காமலே தாண்டிப் போகுது. கண்ணுக்கு எல்லாம் ஒரே கொடைதான். தேடலை நம்பி அடைவு போட்டிருந்தால் பாதிப் பக்க எண்கள் விட்டுப்போயிருக்கும்.

காரணம் இதுதான். யூனிகோடில் ஒகரக் குறியை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஒன்று, முழுக் குறியாக. அதன் எண் 3018. மற்றொன்று, ஒற்றைக்கொம்பும் (3014) துணைக்காலும் (3006) தனித்தனியாக. இரண்டும் சமம் என்றே யூனிகோட் விதி சொல்கிறது. ஆனால் எண்ணோடு எண்ணை ஒப்பிட்டுத் தேடும் மென்பொருளுக்கு அவை வேறு வேறு. ஓகாரத்திலும் இதே கதை: 3015-உம் 3006-உம் சேர்ந்தது ஒரு வகை, தனியாக 3019 இன்னொரு வகை.

ஒவ்வொரு கோப்பிலும் 'ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸ்' திறந்து இதை மாற்றலாம். பத்தாவது கோப்பில் கட்டாயம் மறந்துபோகும். அதனால் மேக்ரோ.

'வியூ' தாவலில் 'மேக்ரோஸ்' போய், பெயர் கொடுத்து 'கிரியேட்' அழுத்துங்கள். சேமிக்கும் இடமாக நார்மல் டெம்ப்ளேட்டைத் தேர்ந்தால் எல்லாக் கோப்புகளிலும் வேலை செய்யும். உள்ளே இரண்டே மாற்றல் கட்டளைகள்தான். ஒரு சிக்கல்: அந்த நிரல் எழுதும் பெட்டிக்குத் தமிழ் தெரியாது. நேரடியாகத் தட்டினால் கேள்விக்குறிகள்தான் மிஞ்சும். அதனால்தான் மேலே எண்களைச் சொன்னேன். எண்ணைக் கொடுத்தால் எழுத்தைத் தரும் 'சிஎச்ஆர்டபிள்யூ' என்ற கட்டளையை அங்கே பயன்படுத்துங்கள்.

அடுத்து, 'ஃபைல்', 'ஆப்ஷன்ஸ்', 'கஸ்டமைஸ் ரிப்பன்'. வலப்பக்கம் புதிய குழு ஒன்றைச் சேர்த்து, இடப்பக்கப் பட்டியலில் 'மேக்ரோஸ்' தேர்ந்து, உங்களுடையதை அதில் சேருங்கள். பொத்தானுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். என்னுடையதில் 'கொம்பு திருத்து' என்று இருக்கிறது. கண்ணெதிரே இருந்தால்தான் கை போகும். எங்கோ ஒளிந்திருக்கும் மேக்ரோவை நாமே மறந்துவிடுவோம்.

ஒரு எச்சரிக்கை. மேக்ரோவுக்கு 'ஃபைல்சேவ்' என்று பெயர் வைத்தால், வேர்டின் சொந்தச் சேமிப்புக் கட்டளைக்குப் பதிலாக அதுதான் ஓடும். 1995-இல் பரவிய 'கான்செப்ட்' வைரஸ், 'ஃபைல்சேவ்ஆஸ்' என்ற பெயரில் இதே வழியைத்தான் பிடித்தது. ஆகவே உள்ளமைந்த கட்டளைகளின் பெயரைத் தவிர்த்துவிடுங்கள். அடுத்தவர் கோப்போடு வரும் மேக்ரோவையும் சும்மா அனுமதிக்காதீர்கள்.

இது நன்றாக ஓடியதும் ஆசை வந்தது. 'கௌரவம்' என்பதைக் கொம்பும் ளகரமுமாக 'கெளரவம்' என்று பலர் தட்டியிருந்தார்கள். அதையும் மேக்ரோவில் சேர்த்தால் என்ன? சேர்த்தேன். கெளுத்தி மீன் உருக்குலைந்துபோனது! அங்கே ளகரம் உண்மையான ளகரம். எது ஔகாரம், எது எகரமும் ளகரமும் என்று சொல்லின் பொருள் தெரிந்தவர்தான் சொல்ல முடியும்.

அந்த வரியை நீக்கிவிட்டேன். யோசிக்கத் தேவையில்லாத வேலை மட்டும் பொத்தானுக்கு. கெளுத்தியை நாம்தான் பார்த்துக்கணும்.