கட்டணமில்லாக் கல்வியும் கைப்பொருளில்லாக் குடும்பமும்

இலங்கையின் கல்வி வரலாற்றில் 1945ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் முதலாந் திகதி மறக்கற்பாலதன்று. பாலர் வகுப்பு முதற் பல்கலைக்கழகம் ஈறாகக் கட்டணமின்றிக் கற்பிக்கும் முறை அன்றே நடைமுறைக்கு வந்தது. சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா அவர்கள் தலைமையில் அமைந்த விசேட குழு 1943இல் வெளியிட்ட அறிக்கையே இதற்கு அடிகோலியது. அதற்கு முன்னர் ஆங்கிலக் கல்வி பெரும்பாலும் பணம் படைத்தோர்க்கே உரியதாயிருந்தது. தாய்மொழிப் பாடசாலைகளிற் கட்டணம் இல்லையாயினும், அங்கு கற்றோர்க்கு உயர் உத்தியோகங்களின் வாயில் அடைபட்டிருந்தது. அவ்வாயிலைத் திறந்துவிட்டது இலவசக் கல்வி. இன்று ஆசிரியராகவும் வைத்தியராகவும் விளங்குவோர் பலர் அதன் பயனாய் உருவானவர்களே.

ஆயின், கட்டணமின்மை வேறு, செலவின்மை வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதனால், வறிய குடும்பத்துப் பிள்ளை கல்வியை இடையில் விடும்போது நாம் காரணத்தைப் பிழைபட உணர்கின்றோம். பெற்றாரின் அக்கறையின்மை என்றும் பிள்ளையின் சோம்பல் என்றும் கூறி அமைகின்றோம். உண்மைக் காரணம் யாதென ஆராய்வோம்.

முதலாவது, நேரே கையிலிருந்து செல்லும் செலவு. பாடநூல்கள் 1980 முதல் இலவசமாக வழங்கப்படுகின்றன. சீருடைத் துணி 1993 முதல் வழங்கப்படுகின்றது. இவை பேருதவிகளே. எனினும் தையற்கூலி, கொப்பி, சப்பாத்து, புத்தகப்பை, பேருந்துச் செலவு என்பன பெரும்பாலும் பெற்றாரையே சாரும். 2022இல் ஏற்பட்ட பொருளாதார நெருக்கடியில் ரூபாயின் மதிப்பு வீழ, இறக்குமதிக் காகிதத்தை நம்பிய கொப்பியின் விலை பன்மடங்காயிற்று. அவ்வாண்டு மார்ச் மாதத்தில் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகள் காகிதமின்மையாற் பிற்போடப்பட்டமை பலர்க்கும் நினைவிருக்கும்.

இச்செலவுகள் வருமானம் நோக்கிக் கூடிக் குறைவன அல்ல. ஓர் உதாரணம் கொள்வோம். ஒரு பிள்ளைக்கு மாதம் 3,000 ரூபா செலவாகுமாயின், 300,000 ரூபா பெறுவோர்க்கு அது நூற்றில் ஒரு பங்கு. 30,000 ரூபா உழைப்போர்க்கோ பத்தில் ஒரு பங்கு. பள்ளி செல்லும் பிள்ளைகள் மூவராயின் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. அன்றியும், செலவின் அளவினும் அது வரும் காலமே நாட்கூலிக் குடும்பத்தைப் பெரிதும் வருத்துவது. நாளாந்தம் சிறிது சிறிதாக வரும் வருமானத்திலிருந்து ஆண்டுத் தொடக்கச் செலவை ஒருங்கே எடுத்தல் அரிது. எமது பகுதியில் மாரி மழையாற் கடற்றொழிலும் தோட்டவேலையும் குன்றும் காலத்தை ஒட்டியே அச்செலவும் வருகின்றது. தாயின் தோடு அடகுகடைக்குச் செல்வது அப்பொழுதே.

தனியார் கல்வி நிலையங்களுக்குச் செலுத்தும் பணத்தையும் இங்கு எண்ணுதல் வேண்டும். ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் வறிய மாணவர்க்குக் கைகொடுக்கவும் நல்ல பாடசாலையில் இடமளிக்கவும் ஏற்பட்டது. இன்றோ அப்பரீட்சைக்கென்றே பணங்கொடுத்துப் பயிற்றுவிக்கும் வழக்கம் பரவிவிட்டது. வறியோர்க்கென இட்ட ஏணியின் முதற்படியே விலைக்கு வந்துவிட்டது.

இரண்டாவது, கண்ணுக்குப் புலப்படாத செலவு. பதினைந்து வயது மகன் வகுப்பிலிருக்கும் ஒவ்வொரு நாளும், அவன் ஈட்டக்கூடிய கூலியைக் குடும்பம் இழக்கின்றது. மூத்த மகள் பள்ளி செல்லின் தம்பி தங்கையரைப் பார்ப்போர் இல்லாது தாய் வேலைக்குச் செல்ல முடிவதில்லை. கட்டாயக் கல்வி வயதெல்லை 2016இல் பதினாறாக உயர்த்தப்பட்டமை நன்றே. ஆயினும் சட்டம் அவ்விழப்பை ஈடுசெய்வதன்று.

மூன்றாவது, பாடசாலையின் பற்றாக்குறை பெற்றார்மீது இறங்குதல். கல்விக்கு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 4 முதல் 6 சதவீதம் ஒதுக்குமாறு 2015ஆம் ஆண்டின் இஞ்சியோன் பிரகடனம் நாடுகளை வேண்டிற்று. இலங்கை அண்மைக் காலத்தில் ஒதுக்கியதோ ஏறத்தாழ 2 சதவீதமே. அதிலும் பெரும்பகுதி சம்பளத்துக்கே செல்லும். எஞ்சுவது போதாதவிடத்து, பாடசாலை அபிவிருத்திச் சங்கம் பெற்றாரை நாடுகின்றது. நகரப் பெரும்பாடசாலைக்குக் கடல்கடந்தும் பழைய மாணவர் உளர். மலையகத் தோட்டப் பாடசாலைக்கு அத்தகையோர் மிகச் சிலரே. அப்பாடசாலைகள் அரசின் பொறுப்பிற் சேர்ந்ததே 1970களிலேதான். எனவே, உதவி மிக வேண்டியவிடத்திலேயே உதவுவோர் குறைவாயிருக்கின்றனர்.

வகுப்பறையில் இதன் விளைவு எவ்வாறு தோன்றுகின்றது? வரவுப் பதிவேட்டைக் கூர்ந்து நோக்கும் ஆசிரியர் ஒன்றை அறிவர். பணம் கொண்டுவரும்படி கூறிய நாளும், குறித்த சில பிள்ளைகள் வாராத நாளும் பெரும்பாலும் ஒன்றாயிருக்கும். மறுநாட் காய்ச்சல் என்பார்கள். நானும் பல ஆண்டு அக்காய்ச்சலை நம்பிக் கடிதம் கேட்டவனே. ஒரு நாள் வாராமை இரு நாளாகும். விட்ட பாடம் விளங்காது. விளங்காத வகுப்பு வெறுப்பாகும். சாதாரண தரப் பரீட்சைக்கு முன்னரே பெயர் பதிவேட்டிலிருந்து மறையும். இடைவிலகல் ஒரு நாளில் நிகழ்வதன்று. வெட்கத்தில் தொடங்கி மெல்ல முதிர்வது.

ஆதலின் அரசு ஒதுக்கீட்டைக் கூட்டுதலும், வறிய பாடசாலைக்கு மிகுதியாகப் பகிர்தலும் முதற் கடமை. ஆயினும் அதுவரை நாம் வாளாவிருத்தல் தகாது. பணம் செலுத்தாதோர் பெயரை வகுப்பில் வாசித்தலை நிறுத்தலாம். இதற்கு ஒரு சதமும் வேண்டுவதில்லை. இயலாதோர்க்கு விலக்களிக்கும் பொறுப்பை அதிபர் மறைவாக நிறைவேற்றலாம். பழைய மாணவர் மண்டபத்துக்கும் வாயில் வளைவுக்கும் ஈயும் பொருளில் ஒரு சிறு பங்கைப் பேருந்துச் செலவுக்கும் சப்பாத்துக்கும் ஒதுக்கலாம். அயலிலுள்ள சிறு பாடசாலைக்கும் அதிற் பங்கு கொடுக்கலாம்.

வீடுதோறும் பிடியரிசி சேர்த்துப் பாடசாலை நடத்திய மரபு எம்மவரது. அன்று சமையலுக்கு எடுத்த அரிசியில் ஒரு பிடியை முதலில் வேறாக வைத்தனர். உண்டு மிஞ்சியதை அவர்கள் கொடுக்கவில்லை. கல்விக்கு ஈயும் முறை அதுவே.