வரப்போரத்துக் காடைகளும் நமது கடமையும்

விருத்தாசலத்தைப் பீங்கான் நகரமென்று அறிந்தவர்கள் அநேகர். ஆனால் அந்நகரின் சூளைகளையும் தொழிற்பேட்டையையும் கடந்து, மல்லாட்டைக் கொல்லைகளுக்கும் முந்திரித் தோப்புகளுக்கும் இடையே புல் மண்டிக் கிடக்கும் வரப்புகளிலும் தரிசுகளிலும் ஜீவிக்கும் காட்டுக் காடைகளைப் பற்றி, அவற்றைப் பிடித்து விற்பவர்களைத் தவிர மற்றவர்கள் அறிந்திருப்பது சொற்பமே.

மழைக்காலத்தில் ஓயாது குரல் கொடுக்கும் கருமார்புக் காடையும், கூட்டம் கூட்டமாய்ப் புதரடியில் ஒடுங்கும் புதர்க்காடையும், குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வலசை வரும் காடையும் ஒரு குடும்பத்தைச் சேர்ந்தவை. மூன்று விரல்களே கொண்ட வரிக்காடை வேறு இனமாயினும், மக்கள் அதையும் காடையென்றே அழைக்கிறார்கள். இதன் இல்லறம் விசித்திரமானது. உருவில் பெரிதும், கழுத்தும் மார்பும் கறுத்தும் இருக்கும் பெடையே குரலெழுப்பித் துணையைத் தேடுகிறது. முட்டையிட்டபின் அவற்றை ஆணின் பொறுப்பில் விட்டுவிட்டு வேறு துணையை நாடிப் போகிறது. தரையில் சிறு குழியாக அமைந்த கூட்டில் இரண்டு வாரங்கள் அடைகாத்துக் குஞ்சுகளை வளர்ப்பது ஆண் பறவைதான். கைப்பேசியில் பதிவுசெய்த குரலை ஒலிபரப்பிக் காடைகளை மயக்கிக் கண்ணியிலும் வலையிலும் சிக்கவைக்கும் இக்காலத்துத் தந்திரத்தால் அத்தகைய ஆண் ஒன்று அகப்பட்டால், அதன் பாதுகாப்பில் இருந்த முட்டைகளும் குஞ்சுகளும் அன்றே அநாதையாகிவிடுகின்றன.

காட்டில் பிடித்தால்தான் குற்றம், சொந்தப் பட்டா நிலத்தில் பிடித்தால் குற்றமில்லை என்ற எண்ணம் கிராமங்களில் பரவலாக உண்டு, அது தவறு. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காடைகளுக்கு எந்த நிலத்திலும் காவல் தருகிறது. பறவையைக் கொல்வது மாத்திரமன்று, கண்ணி வைப்பதும், பிடிக்க முயல்வதும், முட்டையையும் கூட்டையும் சிதைப்பதும் அச்சட்டத்தின் பார்வையில் வேட்டையே. அவ்விதம் பிடிபட்ட பறவை அரசாங்கத்தின் சொத்தாகையால், அதை விலைக்கு வாங்குபவரும் குற்றத்திலிருந்து தப்ப முடியாது. மூன்று ஆண்டு வரை சிறைத்தண்டனையோ, 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

அப்படியானால் உணவு விடுதிகளில் பகிரங்கமாகக் காடை வறுவல் விற்கிறார்களே என்று வாசகர்கள் கேட்கலாம். அது ஜப்பானியக் காடை. 1974-ல் அமெரிக்காவிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டு, பின்னர் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தால் நந்தனம் காடை முதலிய ரகங்களாக விருத்திசெய்யப்பட்ட பண்ணைப் பறவை. அதைவிடச் சிறியதான கருமார்புக் காடையோ முழு வளர்ச்சியிலும் 100 கிராம் எடையை எட்டுவதில்லை. ஆகவே கூடையில் உயிரோடு வைத்து, பண்ணையின் பெயரும் ரசீதும் இல்லாமல், ருசி அதிகமென்று கூறி விற்கப்படும் சிறு காடையைச் சந்தேகிப்பதே விவேகம். பண்ணைக் காடையின் மீது இரக்கப்பட்டு அதை வயலில் விடுவதும் கூடாது. அது காட்டுக் காடையோடு கலந்து அதன் வம்சத்தைக் கெடுக்கும் அபாயத்தை ஐரோப்பிய ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன. வெள்ளைக்கழிச்சல், பறவைக்காய்ச்சல் போன்ற நோய்கள் பரவவும் அது வழியாகலாம். பறவைகள் காரணமின்றி மடிந்து கிடந்தால், வெறுங்கையால் தொடாமல் கால்நடை மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும்.

எனினும் வலையைக் காட்டிலும் கொடியது வாழிட நாசமென்றே நான் கருதுகிறேன். இங்கிலாந்தின் சஸ்ஸெக்ஸ் பிரதேசத்தில் 1968 முதல் டிக் பாட்ஸ் என்ற விஞ்ஞானி கௌதாரிகளைக் குறித்து நடத்திய ஆராய்ச்சி, களைக்கொல்லி தெளித்தபின் களைகளோடு பூச்சிகளும் மறைவதையும், பிறந்த சில வாரங்களுக்குப் பூச்சிகளையே நம்பியிருக்கும் குஞ்சுகள் இரையின்றி மடிவதையும் நிரூபித்தது. காடைக் குஞ்சுக்கும் பூச்சியே முதல் ஆகாரம். வரப்போரத்தில் சில அடி அகலத்துக்கு மருந்து தெளிக்காமல் விடுவதும், மருந்து கலந்த விதையை மண்ணின்மேல் சிதறவிடாமல் மூடுவதும், இயந்திர அறுவடையை வயலின் நடுவிலிருந்து தொடங்கிப் பறவைகள் ஓரத்துக்கு ஒதுங்க இடங்கொடுப்பதும், விவசாயிக்கு அதிகச் செலவில்லாத பரிகாரங்கள்.

சட்டவிரோத விற்பனையைக் கண்டவர் வனச்சரக அலுவலகத்தில் புகார் செய்யலாம். நடவடிக்கை இல்லாவிடில், அறுபது நாள் முன்னறிவிப்புக் கொடுத்துத் தாமே நீதிமன்றத்தை அணுகும் உரிமையை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு ஒவ்வொரு பிரஜைக்கும் அளித்திருக்கிறது. வேளைச் சோற்றுக்காக வலை வீசும் ஏழையை மட்டும் பிடித்துச் சிறையிலிட்டு, அவனிடம் வாங்கிக் கொழுத்த விலைக்கு விற்பவனையும் விருந்துண்பவனையும் விட்டுவிடுவது நியாயமாகாது. வாங்குபவர் இல்லாத இடத்தில் வலைக்கு வேலையில்லை. காட்டுக் காடை என்று சொல்லி விற்கும் எவரிடமும், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், அன்பர்களே, ஒன்றைக்கூட வாங்காதீர்கள்.