இரைச்சலில் மங்கிய காதும் தொண்டைப் புற்றும்

திருவொற்றியூர், எண்ணூர் ஆலைகளின் இரைச்சலில் பல ஆண்டு உழைத்தவருக்குக் காது மந்தமாவது புதிதல்ல. அவருக்கே குரல்வளையில் புற்று வந்தால், அந்தக் காது சிகிச்சையையே மாற்றிவிடும். ஏன்?

குரல்வளையை அறுத்தெடுக்காமல் காப்பாற்ற, கதிர்வீச்சோடு சிஸ்பிளாட்டின் என்ற மருந்தையும் ஏற்றுவது வழக்கம். கதிர் உடைத்த டிஎன்ஏவைப் புற்றுச்செல் சரிசெய்துகொள்ள விடாமல் அது தடுக்கிறது. ஆனால் சிறுநீரகத்தையும் உட்காதில் ஒலியை உணரும் மயிர்ச்செல்களையும் அதே மருந்து பதம் பார்க்கும். செத்த மயிர்ச்செல் மீண்டும் முளைக்காது. அதனால் கேள்திறன் குறைந்தவர்கள் பலருக்குக் கதிர்வீச்சு மட்டுமே மிஞ்சியது.

மாற்று உண்டா? மும்பை டாடா நினைவு மருத்துவமனை, சிஸ்பிளாட்டின் கொடுக்க முடியாத 356 தலை, கழுத்துப் புற்றுநோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தது. ஒரு பிரிவுக்குக் கதிர்வீச்சு மட்டும். மற்றதற்கு வாரந்தோறும் குறைந்த அளவு டோசிடாக்செல் என்ற மருந்தும் சேர்த்து. 2023இல் முடிவு வெளியானது: 2 ஆண்டு கழித்து உயிரோடிருந்தவர்கள் முதல் பிரிவில் 41.7%, இரண்டாவதில் 50.8%.

எப்படி? செல் இரண்டாகும்போது குரோமோசோம்களை இழுத்துப் பிரிக்கும் நுண்குழாய்களை டோசிடாக்செல் இறுக வைத்துவிடுகிறது. பிரிய முடியாமல் நிற்கும் அந்த நிலையில்தான் செல் கதிருக்கு எளிதில் பலியாகும். பதிலுக்கு வாய்ப்புண்ணும் விழுங்கும் சிரமமும் கூடும்.

மூன்று வாரத்துக்கு மேல் குரல் கரகரத்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். புற்று உறுதியானால், மருந்தைத் தீர்மானிக்கும் முன் காதையும் சோதிக்கச் சொல்லுங்கள்.