பேரூராட்சி உரிமம் இருந்தால் ஹோட்டலில் பார் நடத்தலாமா?

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் தாண்டி புதுச்சேரி நோக்கிப் போகும்போது வரும் ஊர் கடப்பாக்கம். ஆலம்பரைக் கோட்டைக்குப் போகிறவர்கள் இங்கேதான் திரும்ப வேண்டும். இந்தச் சாலையோரம் உங்களுக்கு ஓர் இடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மீன் சாப்பாடு, கூடவே ஒரு பார், நல்லா ஓடுமே என்று தோன்றலாம். கடனை உடனை வாங்கிக் கட்டடம் கட்டுவதற்கு முன்பு ஒரு கேள்விக்கு மட்டும் பதில் தெரிந்துகொள்ளுங்கள்: மது பரிமாறும் உரிமத்தை யார் தருவார்கள்?

பலர் "பேரூராட்சியில வாங்கிக்கலாம்" என்று நினைக்கிறார்கள். அது சரியில்லை. சோறு போட உரிமம் ஓர் இடத்தில், மது ஊற்ற உரிமம் வேறோர் இடத்தில். ஒன்று கையில் இருப்பதால் இன்னொன்று தானாக வராது.

பேரூராட்சி என்ன தரும்?

கடப்பாக்கம், செய்யூர் வட்டத்தில் இடைக்கழிநாடு பேரூராட்சிக்குள் வருகிறது. உணவகம் தொடங்க நீங்கள் முதலில் போக வேண்டியது அந்த அலுவலகத்துக்குத்தான். கட்டட அனுமதி, சொத்துவரி, குடிநீர் இணைப்பு, குப்பை அகற்றுதல், தொழில் உரிமம் எல்லாம் உள்ளாட்சி சார்ந்தவை. இப்போது இதற்கு அடிப்படை, 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டமும் அதன் விதிகளும்.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ள வேண்டாம். அரையாண்டுக்கு ஒருமுறை கட்டும் தொழில்வரி வேறு, தொழில் உரிமம் வேறு. வரி ரசீதைச் சட்டம் போட்டு மாட்டினால் அது உரிமம் ஆகிவிடாது.

உணவுக்கு உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவோ உரிமமோ தனியாக வேண்டும். ஃபாஸ்காஸ் இணையதளத்தில் செல்போனிலேயே விண்ணப்பிக்கலாம். கிடைக்கும் 14 இலக்க எண்ணை 2022 ஜனவரி முதல் பில்லிலும் அச்சிட வேண்டும்.

இடம் கடலோரம் என்றால் கூடுதல் கவனம் தேவை. உயர் அலைக் கோட்டிலிருந்து நிலப்பக்கம் 500 மீட்டர் வரை கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் பொருந்தும். பட்டா இருக்கிறது என்பதற்காகக் கட்டிவிட முடியாது.

மது உரிமம் யார் கையில்?

தமிழ்நாட்டில் இது மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறையின் கையில் இருக்கிறது. அடிப்படைச் சட்டம் 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம். மதுவின் மொத்த விற்பனைக்காக 1983-இல் தொடங்கப்பட்ட டாஸ்மாக் நிறுவனம், 2003 நவம்பர் முதல் சில்லறை விற்பனையையும் நடத்துகிறது. அதனால் மது பரிமாறப்படும் இடங்கள் முக்கியமாக மூன்று வகைதான்.

ஒன்று, டாஸ்மாக் கடையோடு சேர்ந்த பார். இதை டெண்டர் எடுத்து நடத்துபவர் மது விற்க முடியாது. தின்பண்டம் விற்கலாம், காலி பாட்டில்களைச் சேகரிக்கலாம், அவ்வளவுதான்.

இரண்டு, கிளப்புகள். இவற்றுக்கு எஃப்.எல்.2 உரிமம். உறுப்பினர்களுக்கானது.

மூன்று, நட்சத்திரத் தகுதி பெற்ற தங்கும் ஹோட்டல்கள். இவற்றுக்கு எஃப்.எல்.3 உரிமம்.

எட்டு மேசை போட்ட சாதாரண உணவகத்துக்கு இந்தப் பட்டியலில் இடமில்லை. இதே சாலையில் தெற்கே போனால் புதுச்சேரியில் உணவகங்களிலேயே மது பரிமாறுகிறார்களே என்று கேட்கலாம். அது தனி யூனியன் பிரதேசம், அங்கே ஆயத்தீர்வை விதிகள் வேறு. அங்கிருந்து அனுமதியில்லாமல் பாட்டில் கொண்டுவந்து இங்கே பரிமாறினால் வழக்குதான்.

இங்கிலாந்தில் நிலைமை இன்னும் வேறு. அங்கே 2003-ஆம் ஆண்டு சட்டப்படி உள்ளூர் கவுன்சிலே மது உரிமம் தருகிறது. விண்ணப்பம் வந்தால் அக்கம்பக்கத்தவர் 28 நாட்களுக்குள் கருத்துச் சொல்லலாம். வெளிநாட்டில் இருக்கும் உறவினர் "கவுன்சில்ல போய்க் கேளு" என்று சொன்னால், அது அந்த ஊர் வழக்கம்.

"நாங்க விக்கல, அவங்களே வாங்கிட்டு வர்றாங்க"

இது சாலையோர உணவகங்களில் அடிக்கடி கேட்கும் பதில். ஆனால் உரிமமில்லாத உணவகத்தில் உட்கார்ந்து குடிக்க இடம் கொடுப்பதும் சட்டப்படி தவறுதான். பாட்டில் யாருடையது என்பது உங்களைக் காப்பாற்றாது.

இது வெறும் காகித விஷயமும் இல்லை. 2023 மே மாதம் பக்கத்து விழுப்புரம் மாவட்டத்தின் மரக்காணம் பகுதியிலும் நமது செங்கல்பட்டு மாவட்டத்திலும் மெத்தனால் கலந்த சாராயம் 20-க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. அடுத்த ஆண்டு ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதன்பிறகு மதுவிலக்குச் சட்டத்தில் தண்டனைகள் கடுமையாக்கப்பட்டன. உரிமம் உள்ள இடத்தில் பாட்டில் எங்கிருந்து வந்தது என்று துறையால் கண்டுபிடிக்க முடியும். உரிமமில்லாத இடத்தில் அதற்கு வழியில்லை.

பக்கத்து வீட்டுக்காரர் என்ன செய்யலாம்?

உங்கள் தெருவில் மதுக்கடையோ அதோடு சேர்ந்த பாரோ வருகிறது என்றால் முதலில் தூரத்தைப் பாருங்கள். 2003-ஆம் ஆண்டு சில்லறை விற்பனை விதிகளின்படி, மாநகராட்சி, நகராட்சிப் பகுதிகளில் வழிபாட்டுத் தலம், கல்வி நிறுவனம் ஆகியவற்றிலிருந்து 50 மீட்டருக்குள் கடை கூடாது. மற்ற பகுதிகளில் 100 மீட்டர். வணிகப் பகுதி என அறிவிக்கப்பட்ட இடங்களுக்கு விலக்கு உண்டு.

நெடுஞ்சாலை ஓரம் என்றால் இன்னொரு கணக்கு. தமிழ்நாட்டிலிருந்து சென்ற வழக்கில் 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் 500 மீட்டர் இடைவெளி விதித்தது. 2017 மார்ச்சில், 20,000 பேர் வரை வசிக்கும் உள்ளாட்சிகளுக்கு அது 220 மீட்டராகக் குறைந்தது. நகராட்சி எல்லைகளுக்குப் பின்னர் தளர்வும் வந்தது. அதனால் ஓர் இடத்துக்கு எது பொருந்தும் என்பதை ஆட்சியர் அலுவலகத்தின் ஆயப் பிரிவில் எழுத்துப்பூர்வமாகக் கேட்பதே நல்லது.

எங்கே கேட்பது, எங்கே சொல்வது?

• கட்டடம், கழிவுநீர், குப்பை, தொழில் உரிமம்: பேரூராட்சி செயல் அலுவலர்.

• உணவின் தரம்: உணவுப் பாதுகாப்புத் துறை. பில்லில் உள்ள 14 இலக்க எண்ணைக் குறிப்பிடுங்கள்.

• அனுமதியில்லாத மது, கள்ளச்சாராயம்: கட்டணமில்லா எண் 10581.

• மதுக்கடை அமைவிடம் பற்றிய ஆட்சேபம்: செங்கல்பட்டு ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டம். முதல்வரின் முகவரி உதவி எண் 1100.

• உரிமம் இருக்கிறதா என்று சந்தேகமா? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனு கொடுங்கள். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும்.

மனு கொடுக்கும்போது சர்வே எண், கடையின் வாசலிலிருந்து பள்ளி அல்லது கோயில் எவ்வளவு தூரம், தேதியோடு எடுத்த புகைப்படம் மூன்றையும் சேருங்கள். "எங்களுக்குத் தொந்தரவா இருக்கு" என்று மட்டும் எழுதிய மனுவைவிட "வாசலிலிருந்து பள்ளி கேட் 80 மீட்டர்" என்று எழுதிய மனுவை அதிகாரி உடனே அளந்து பார்க்க முடியும்.

உணவகம் தொடங்குகிறவருக்கும் இதே பட்டியல்தான். அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன் பேரூராட்சிக்கும் ஆயப் பிரிவுக்கும் ஒரு நடை போய் வந்துவிடுங்கள். கட்டி முடித்தபிறகு "இங்க பார் கிடையாது" என்று கேட்டால் போவது உங்கள் முதலீடு.