வேலை நேரமும் கையடக்கத் தொலைபேசியும்

எழுதுவினைஞர் ஒருவர் நீண்டதோர் எண் நிரலைக் கூட்டிக்கொண்டிருக்கையில் கையடக்கத் தொலைபேசி ஒலிக்கிறது. பேச்சு அரை நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. ஆயினும், விட்ட இடம் மறந்துபோவதால் அவர் நிரலின் தலையிலிருந்தே மீண்டும் கூட்ட நேரிடுகிறது. ஆகவே, பேசிய நேரத்தோடு, சிதறிய கவனத்தை மீட்கும் நேரமும் இழப்புக் கணக்கிற் சேரும்.

முடிவுறாத வேலையை விட்டு மற்றொன்றிற்குச் செல்பவரின் சிந்தனையில் ஒரு பகுதி முந்திய வேலையிலேயே தங்கிவிடுகிறது என்பதை, சோபி லெரோய் என்னும் ஆய்வாளர் 2009ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார். அழைப்பை ஏற்காமல் விட்டாலும் தீங்கு முற்றாக நீங்குவதில்லை. அழைப்பு வந்ததை அறிவிக்கும் ஒலியோ அதிர்வோ மாத்திரமே வேலையிற் பிழைகளைப் பெருக்குவதை, புளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தார் 2015ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு காட்டியது.

சில தொழில்களில் இத்தகைய பிழை உயிரையே பறித்துவிடும். 2008ஆம் ஆண்டு செப்டெம்பர் 12ஆம் திகதி, கலிபோர்னியாவின் சற்ஸ்வேத் என்னுமிடத்தில், சிவப்புச் சமிக்ஞையைக் கடந்து சென்ற பயணிகள் புகையிரதம் சரக்குப் புகையிரதமொன்றுடன் மோதியது. சாரதி உட்பட 25 பேர் மாண்டனர். மோதலுக்கு 22 செக்கன்களுக்கு முன்னர் சாரதி குறுஞ்செய்தியொன்றை அனுப்பியிருந்தமை விசாரணையில் வெளியாயிற்று.

இதற்குப் பரிகாரம் யாது? விமானத்துறை நல்லதொரு வழியைக் காட்டுகிறது. விமானம் புறப்படும்போதும் இறங்கும்போதும், 10,000 அடிக்குக் கீழே பறக்கும்போதும், விமானிகள் கடமைக்குப் புறம்பான பேச்சில் ஈடுபடலாகாது என்று அமெரிக்கா 1981ஆம் ஆண்டில் விதித்தது. பயணம் முழுவதற்கும் வாய்ப்பூட்டுப் போடாமல், ஆபத்தான வேளையை மாத்திரம் அவ்விதி வேலியிட்டுக் காத்தது.

காரியாலயத்திற்கும் இம்முறை பொருந்தும். கவனம் மிக வேண்டிய வேலைக்குக் காலையில் ஒரு மணி நேரத்தை ஒதுக்கி, அவ்வேளையில் தொலைபேசியின் ஒலியையும் அதிர்வையும் நிறுத்தி, அதனை மேசை இலாச்சியினுள் வைத்துவிடலாம். பிள்ளையின் பாடசாலை, வீட்டிலுள்ள நோயாளர் முதலியோரின் அவசர அழைப்புகளுக்கு மாத்திரம் ஒலிக்குமாறு கருவியை முன்னரே அமைத்துக்கொள்ளலாம். ஏனைய செய்திகளுக்கு மறுமொழி அனுப்பக் குறித்த வேளைகளை வகுத்து, அவற்றை உடன் வேலை செய்வோருக்கும் வீட்டாருக்கும் அறிவித்தல் நன்று.

ஆனால், அனுப்பிய செய்திக்கு அக்கணமே பதில் வேண்டுமென மேலதிகாரி எதிர்பார்த்தால், கீழ் உத்தியோகத்தரால் இவ்வொழுங்கைத் தனித்துக் கடைப்பிடிக்க இயலாது. அந்த ஒரு மணி நேரத்தை முதலில் மதிக்க வேண்டியவர் மேலதிகாரியே.