மூச்சு வாங்கும் மீனும் ஈத்தூண்டிலும்

மீன் நீரில் மூழ்கி இறக்குமா? இப்படிக் கேட்டால் பலரும் சிரிப்பார்கள். ஆனால், தென் அமெரிக்க மழைக்காடுகளில் வாழும் அரபைமா என்னும் மீனைப் பொறுத்தவரை இது வேடிக்கையான கேள்வி அன்று. நீரின் மேற்பரப்புக்கு வந்து காற்றை உள்ளிழுக்க முடியாவிட்டால் அம்மீன் மூச்சுத் திணறி இறந்துவிடும். இந்த ஒரே இயல்புதான் அதனைப் பல நூற்றாண்டுகளாக வேட்டைக்காரர்களிடம் காட்டிக் கொடுத்தது. அதே இயல்புதான் இன்று அதனைக் காப்பாற்றவும் உதவுகிறது.

அரபைமா உலகின் மிகப் பெரிய நன்னீர் மீன்களுள் ஒன்று. 2 மீட்டர் நீளமுள்ள மீன்களைச் சாதாரணமாகக் காணலாம். 3 மீட்டர் நீளமும் 200 கிலோகிராம் எடையும் எட்டக்கூடியது எனக் கூறப்படுகிறது. பிரேசில் நாட்டில் இதனைப் பிரருக்கு என்கின்றனர். ‘சிவந்த மீன்’ என்பது அப்பெயரின் பொருள். வால்பகுதிச் செதில்களின் ஓரங்களில் படர்ந்திருக்கும் செந்நிறமே பெயருக்குக் காரணம்.

அரபைமா வாழும் ஏரிகளில் நீர் அசைவின்றிக் கிடக்கும், வெப்பமும் மிகுதி. மட்கிய இலைகள் நிறைந்த அந்நீரில் உயிர்வளி மிகக் குறைவாகவே கரைந்திருக்கும். செவுள்களை மட்டும் நம்பினால் இவ்வளவு பெரிய உடலைக் காப்பாற்ற முடியாது. ஆகவே, அரபைமாவின் வயிற்றினுள் உள்ள காற்றுப்பை நுரையீரலைப் போல வேலை செய்கிறது. சுமார் 10 முதல் 20 நிமிடங்களுக்கு ஒருமுறை மீன் மேலே வந்து, வாயைத் திறந்து காற்றை விழுங்கிவிட்டு மீண்டும் ஆழத்துக்குச் செல்லும். அமைதியான ஏரியில் அந்த ஓசை வெகுதூரம் கேட்கும்.

அதன் செதில்களும் வியப்புக்குரியவை. பெரிய மீனின் செதில் உள்ளங்கை அளவுக்கு இருக்கும். வெளிப்புறம் கடினமான கனிமப் பூச்சு. உட்புறம் வளையக்கூடிய நார்ப்புரத அடுக்குகள். ஒவ்வோர் அடுக்கிலும் நார்கள் வெவ்வேறு திசையில் அமைந்திருப்பதால் செதில் எளிதில் பிளவுபடுவதில்லை. கூரிய பற்களைக் கொண்ட பிரானா மீன்கள் வாழும் நீரில் இது உண்மையிலேயே ஒரு கவசம்தான். பொருளியல் அறிஞர்கள் அல்லர், பொருள்களின் தன்மையை ஆராயும் விஞ்ஞானிகள் இச்செதிலை ஆய்வுக்கூடத்தில் வளைத்தும் குத்தியும் சோதித்திருக்கின்றனர். அமேசான் பகுதி மக்களோ அதனை நகம் தேய்க்கும் அரமாக நெடுங்காலமாகப் பயன்படுத்தி வருகின்றனர்.

இந்த மீன் நமக்கு முற்றிலும் அந்நியமானதும் அன்று. மலேசியர்கள் பெருமையுடன் வளர்க்கும் கெலிசா மீனும் அரபைமாவும் ஒரே வரிசையைச் சேர்ந்தவை. எலும்பு போன்ற கடினமான நாக்கு உடைய மீன்கள் இவை. கெலிசாவின் ஆண்மீன் முட்டைகளைத் தன் வாயில் வைத்துக் காக்கும். அரபைமா அப்படிச் செய்வதில்லை. அது மணலில் குழி பறித்து முட்டையிடும். குஞ்சுகள் வெளிவந்த பின் ஆண்மீனின் தலை கருமையாக மாறும். அந்தக் கருந்தலையைச் சுற்றியே குஞ்சுகள் மொய்த்துக்கொண்டு திரியும்.

இனி, தூண்டிலுக்கு வருவோம். நாம் வழக்கமாகக் காணும் தூண்டிலில் கயிறு மெல்லியது. இரை அல்லது ஈயக்குண்டு கனமானது. வீசும்போது அந்தக் கனமே கயிற்றை இழுத்துச் செல்லும். ஈத்தூண்டில் இதற்கு நேர்மாறானது. இதில் இரைக்கு எடையே இல்லை எனலாம். இறகு, விலங்கின் உரோமம், நூல் ஆகியவற்றைக் கொக்கியில் கட்டிச் செய்யும் சிறு பொம்மைதான் அது. எடை முழுவதும் கயிற்றில் இருக்கிறது. ஏறத்தாழ 30 மீட்டர் நீளமுள்ள அந்தத் தடித்த கயிற்றைத் தூண்டிற்காரர் தலைக்கு மேல் முன்னும் பின்னுமாக வீசுவார். சாட்டையைச் சொடுக்கும்போது அதன் நுனி எப்படிப் பாய்கிறதோ, அப்படியே கயிறும் வளைந்து விரிந்து பாயும். நுனியிலுள்ள பொம்மை அதனுடன் சேர்ந்து போய் நீரில் மெல்ல விழும்.

குளிர்நாட்டு ஓடைகளில் டிரவுட் மீனைப் பிடிக்க இந்த முறை வளர்ந்தது. அம்மீன்கள் நீர்மேல் விழும் சிறு பூச்சிகளைத் தின்பதால், பொம்மையும் ஈயின் வடிவில் செய்யப்பட்டது. அரபைமாவுக்குக் கட்டும் ‘ஈ’யோ ஒரு சாண் நீளம் இருக்கும், அது சிறு மீனைப் போலத் தோற்றமளிக்கும். பெயர் மட்டுமே ஈ! கோலும் அதற்கேற்ப வலிமையானது; கயிற்றின் நுனியில் மிகத் தடித்த நைலான் நூலைக் கட்டுவர்.

கயானா நாட்டின் ரேவா என்னும் சிற்றூர், இவ்வகைத் தூண்டிலுக்குப் பெயர் பெற்றது. ரேவா ஆறும் ரூப்புனூனி ஆறும் கலக்கும் இடத்தில் காட்டுக்கு நடுவே அது அமைந்துள்ளது. அங்கு வாழும் சில நூறு பேரில் பெரும்பாலோர் மக்குஷி என்னும் பூர்வகுடியினர். மழைக்காலத்தில் ஆறுகள் கரைபுரண்டு காட்டையும் புல்வெளியையும் மூழ்கடிக்கும். அப்போது மீன்கள் எங்கும் பரவிவிடும். வறண்ட காலத்தில் நீர் வடிந்ததும், ஆறு தன் போக்கை மாற்றியதால் தனித்து நின்றுவிட்ட லாட வடிவ ஏரிகளில் அரபைமா தங்கும். தூண்டிற்காரர்கள் அந்தக் காலத்தில்தான் வருவர்.

அவர்கள் ஏரிக்கு வந்ததும் தூண்டிலை வீசுவதில்லை, காத்திருப்பர். படகை ஓட்டும் மக்குஷி வழிகாட்டி நீர்ப்பரப்பையே பார்த்துக்கொண்டிருப்பார். எங்கோ ஒரு மீன் மூச்சு வாங்க மேலே வரும். அது எந்தத் திசையில் திரும்பியது, எவ்வளவு பெரியது என்பதை அந்த நொடியிலேயே அவர் கணித்துச் சொல்வார். மீன் செல்லும் வழியைக் கணித்து ஈயை வீச வேண்டும். வெளிநாட்டுப் பயணியிடம் விலையுயர்ந்த கருவி இருக்கலாம். ஆனால், மீனைக் கண்டுபிடிப்பது வழிகாட்டியின் கண்ணும் காதுமே.

மீன் ஈயைக் கவ்வியதும் பலர் பழக்கத்தால் கோலை மேலே தூக்கிவிடுவர். அப்படிச் செய்தால் கொக்கி நழுவிவிடும். அரபைமாவின் வாய் எலும்பைப் போன்றது. கோலை மீனை நோக்கியே நீட்டி வைத்து, கயிற்றைக் கையால் வேகமாகப் பின்னோக்கி இழுத்தால்தான் கொக்கி பதியும். அதன்பின் மீன் ஓடும். நீருக்கு மேலே முழு உடலும் தெரியப் பாயும். மனிதனைவிடக் கனமான மீன் படகின் அருகே துள்ளி விழுவதைக் கற்பனை செய்து பாருங்கள்!

இங்குதான் ஆபத்து தொடங்குகிறது, மீனுக்கு. போராடிக் களைத்த மீனுக்குக் கூடுதலான காற்று தேவைப்படும். அதனைத் தொடர்ந்து நீருக்குள் இழுத்துக்கொண்டிருந்தால், மேலே வர வலிமையின்றி அது இறக்கக்கூடும். எனவே, போராட்டத்தை நீட்டிக்கக் கூடாது. மீனைக் கரையோர ஆழமற்ற நீருக்குக் கொண்டுவந்ததும் வழிகாட்டிகள் நீரில் இறங்கி அதன் உடலைத் தாங்குவர். படம் எடுப்பதற்காக அதனை நீரிலிருந்து வெளியே தூக்குவதில்லை. நீரின் தாங்குதல் இல்லையெனில் அதன் சொந்த எடையே உள்ளுறுப்புகளை நசுக்கும். எதிர்முள் இல்லாத கொக்கி என்றால் எளிதில் கழன்றுவிடும். பின்னர் தலையை மேற்பரப்பின் அருகே பிடித்துக்கொண்டு காத்திருப்பர். மீன் வாயைத் திறந்து காற்றை விழுங்கி, வலிமை பெற்றுத் தானே விலகிச் செல்லும்வரை யாரும் கையை எடுப்பதில்லை.

பிடித்த மீனை விட்டுவிடுவதற்கு ஏன் இவ்வளவு பாடு? விடை பழைய கதையில் இருக்கிறது. அரபைமாவின் இறைச்சி முள் குறைந்தது; உப்பிட்டு உலர்த்தினால் நெடுநாள் கெடாது. மூச்சு வாங்க மேலே வரும் இடத்தில் எறியீட்டியுடன் காத்திருந்தால் போதும். ஒரு மீன் விழுந்தால் பல குடும்பங்களுக்கு உணவு, விற்றால் பணம். ரூப்புனூனிப் பகுதியிலிருந்து பிரேசில் எல்லைக்கு இறைச்சி விற்பனைக்குச் சென்றது. பல ஏரிகளில் மூச்சு வாங்கும் ஓசையே அரிதாகிவிட்டது. 1975ஆம் ஆண்டிலேயே அரபைமா, அனைத்துலக வணிகத்தில் கட்டுப்படுத்தப்பட்ட உயிரினங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. பிரேசிலின் அமேசோனாஸ் மாநிலத்தில் 1996ஆம் ஆண்டு அதனைப் பிடிப்பதற்குத் தடை வந்தது. ஆனால், ஆயிரக்கணக்கான ஏரிகள் நிறைந்த காட்டில் தடையை யார் கண்காணிப்பது?

இக்கேள்விக்கு மீனவர்களே ஒரு வழி கண்டனர். பிரேசிலின் மமிராவா பகுதியில் அனுபவமிக்க மீனவர்களும் ஆய்வாளர்களும் சேர்ந்து மீன்களை எண்ணத் தொடங்கினர். ஒவ்வொருவரும் ஏரியின் ஒரு பகுதியை 20 நிமிடம் கவனிப்பார். அந்நேரத்தில் மேலே வந்து மூச்சு வாங்கும் மீன்களை, பெரியவை வேறு, இளையவை வேறு எனக் கணக்கிடுவார். ஒரே மீனை இருமுறை எண்ணாமல், ஓசையையும் அசைவையும் கொண்டே வேறுபடுத்தி அறிவார். இந்தக் கணக்கு பெரிதும் நம்பத்தக்கது என ஆய்வுகள் உறுதிசெய்தன. 1999ஆம் ஆண்டு முதல் மமிராவா மக்களுக்கு அளவோடு பிடிக்க அனுமதி கிடைத்தது. எண்ணப்பட்ட பெரிய மீன்களில் 30 விழுக்காட்டுக்கு மேல் பிடிக்கக் கூடாது. வேட்டைக்காரன் ஈட்டியுடன் கற்ற திறமையே எண்ணிக்கைக்குப் பயன்பட்டது! இந்த முறையைக் கயானாவின் மீனவர்களும் கற்றுக்கொண்டனர்.

ரேவா மக்கள் மற்றுமொரு முடிவையும் எடுத்தனர். 2005ஆம் ஆண்டு அவர்கள் சொந்தமாகப் பயணியர் விடுதி ஒன்றைத் தொடங்கினர். அரபைமாவைக் கொல்வதில்லை என ஊரே ஒப்புக்கொண்டது. பின்னாளில், பிடித்து விடுவிக்கும் ஈத்தூண்டில் பயணங்களும் தொடங்கின. வழிகாட்டி, படகோட்டி, சமையலர் என ஊரார் பலருக்கு வேலை கிடைத்தது. கொன்ற மீனை ஒருமுறைதான் விற்க முடியும். உயிருள்ள மீனைக் காண மக்கள் ஆண்டுதோறும் வருவர். ஊரார் இந்தக் கணக்கை நன்கு புரிந்துகொண்டனர்.

விளையாட்டுக்காக மீனைத் துன்புறுத்துவது சரியா என்று சிலர் கேட்கின்றனர். அது நியாயமான கேள்வியே. எவ்வளவு கவனமாக விடுவித்தாலும் மீன் களைப்படைகிறது. சில மீன்கள் பிழைக்காமலும் போகலாம். ஆயினும், வெளியிலிருந்து நாம் தீர்ப்புச் சொல்வதைவிட, ஈட்டியைக் கீழே வைத்தவர்களின் கணக்குக்கு அதிக மதிப்பு உண்டு என்றே தோன்றுகிறது. எத்தனை பேர் தூண்டில் வீசலாம், எந்த ஏரியை ஓய்வில் விடலாம் என்பதில்தான் அவர்களின் உண்மையான பொறுப்பு அடங்கியுள்ளது.

நம் நாட்டு ஆறுகளிலும் இத்தகைய முடிவுகள் எடுக்கப்பட்டுள்ளன. பகாங் மாநிலத்தின் தாமான் நெகாராவில், தாஹான் ஆற்றின் லுபோக் தெனோர் பகுதியில் கெலா மீன்களுக்குச் சரணாலயம் உண்டு. அங்குத் தூண்டிலுக்கு இடமில்லை. மீன்களுக்கு உணவிட்டுப் பார்த்து மகிழலாம். தோமான் மீனின் நிலை வேறு. விரால் குடும்பத்தைச் சேர்ந்த அதுவும் அரபைமாவைப் போல் மேலே வந்து மூச்சு வாங்கும், குஞ்சுகளையும் காக்கும். சிவந்த குஞ்சுக் கூட்டம் நீர்மேல் தெரிந்தால், அடியில் பெற்றோர் மீன் இருப்பது உறுதி. அதனைக் குறிவைத்தே தூண்டில் வீசுவோர் இருக்கின்றனர். பிடித்த மீனை அதே இடத்தில் உடனே விட்டுவிடுவோரும் இருக்கின்றனர். சற்றுத் தாமதித்தாலும் காவலற்ற குஞ்சுகளை மற்ற மீன்கள் தின்று தீர்த்துவிடும் என்பது அவர்களுக்குத் தெரியும்.