இனிப்புக் குறைந்த சாக்லெட் உருண்டை

நாஞ்சில் நாட்டு விருந்துகளில் பாயசம் வைப்போர், தேங்காயின் தலைப்பாலை இறுதியில்தான் ஊற்றுவர், ஊற்றியபின் கொதிக்கவிடார். கொதித்தால் பால் திரிந்து எண்ணெய் தனியே மிதக்கும் என்பது அவர்கள் கைகண்ட உண்மை. மேனாட்டாரின் சாக்லெட் உருண்டைக்கும் இதுவே அடிப்படை. கொழுப்பும் நீரும் பிரியாது ஒன்றி நிற்கும் கலவையே அது. மண்ணுக்கடியில் விளையும் டிரஃபிள் என்னும் காளானைப் போன்ற தோற்றத்தால், அதற்கும் டிரஃபிள் என்றே பெயர் வாய்த்தது.

கொக்கோ நமக்கு முற்றிலும் அந்நியமன்று. தென் அமெரிக்கக் காட்டு மரமாகிய அது, 1798-இல் நமக்கு அண்மையிலுள்ள குற்றாலத்தில் நடப்பெற்றது. இன்று பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராக நிற்கிறது. அதன் விதை இயல்பிலே கசப்பது. அக்கசப்பைத் தணிக்கச் சேர்த்த சர்க்கரையே, இன்று கடைச் சரக்குகள் பலவற்றில் மூலப்பொருளையே மூடிவிட்டது.

சரி, இனிப்பை எவ்வாறு குறைப்பது? உருண்டையிலுள்ள சர்க்கரை சாக்லெட் கட்டிக்குள்ளேயே இருப்பதால், அதைத் தனியே பிரித்தெடுக்க இயலாது. கட்டியைத்தான் தேர்ந்து வாங்கவேண்டும். உறையில் 70 விழுக்காடு என்றிருந்தால் கொக்கோப் பொருள் அவ்வளவு. எஞ்சிய 30 பெரும்பாலும் சர்க்கரை. பால் சாக்லெட்டிலோ ஏறத்தாழப் பாதி சர்க்கரையே.

அத்தகைய கட்டி 200 கிராமைச் சீவி, உலர்ந்த கிண்ணத்தில் இடுக. 'உலர்ந்த' என்பதை வற்புறுத்துகிறேன். சில துளி நீர் பட்டாலும் சர்க்கரைத் துகள்கள் அதைப் பற்றிக்கொண்டு ஒன்றோடொன்று ஒட்ட, உருகிய சாக்லெட் மணல்போல் இறுகிவிடும். நீர் மிகுதியாயின் துகள்கள் கரைந்து பரவுவதால் இறுகுவதில்லை. சில துளி கெடுப்பதை ஒரு குவளை கெடுப்பதில்லை! வகுப்பில் கேட்டால் எவரும் எளிதில் நம்பாத செய்தி இது.

நீர் சேர்க்காது பிழிந்த தேங்காய்ப்பால் 150 மில்லி எடுத்து, ஆவி பறக்கும் அளவிற்கு மட்டும் சூடாக்குக. ஒரு சிட்டிகை உப்பும் இடுக. உப்பு கசப்பை அடக்கும். பாலைச் சாக்லெட்டின்மேல் ஊற்றி, இரண்டு நிமிடம் பொறுத்து, நடுவிலிருந்து மெல்லக் கிளறுக. கொக்கோ மிகுந்த கட்டி பாலையும் மிகுதியாக வேண்டும். போதாவிடில் எண்ணெய் கசியும். அப்போது வெதுவெதுப்பான பால் ஒரு கரண்டி விட்டுக் கிளறினால் மீண்டும் ஒன்றுகூடும். இரண்டு மணி நேரம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, நெல்லிக்காயிலும் சிறிதாக உருட்டி, சர்க்கரையற்ற கொக்கோத் தூளில் புரட்டுக. நாவில் முதலில் படுவது கசப்பாதலின், பின்வரும் சிறு இனிப்பும் போதியதாகத் தோன்றும்.

இங்கே ஒரு சொல். கருப்பட்டி சேர்த்தால் நீரிழிவு உடையோர்க்குத் தீங்கில்லை என நம்மூரில் பலர் நம்புகின்றனர். கருப்பட்டிக் காப்பியை விரும்பிப் பருகுபவன் நான். ஆயினும் அந்நம்பிக்கை தவறு. கருப்பட்டியின் பெரும்பகுதி, வெள்ளைச் சர்க்கரையிலுள்ள அதே சுக்ரோசே. மணம் வேறு, நிறம் வேறு; குருதியில் சேர்வது ஒன்றே. இந்நம்பிக்கையால் மருந்தையும் பத்தியத்தையும் தளர்த்திய முதியோரை நான் கண்டிருக்கிறேன். வீட்டில் அப்படி எவரேனும் இருப்பின், இதை நீங்களே பணிவாக எடுத்துச் சொல்லுங்கள்.

நம் உருண்டையும் மருந்தன்று. மேற்கூறிய அளவில் இருபதுக்கு மேற்பட்ட உருண்டைகள் கிடைக்கும். அவற்றில் மொத்தச் சர்க்கரை ஏறக்குறைய 60 கிராம். ஒன்றுக்கு இரண்டரை கிராம் வரும். பால் சாக்லெட்டாயின் நான்கைத் தாண்டும். வயதுவந்தோர் நாளொன்றுக்கு 25 கிராமுக்குள் சேர்க்கைச் சர்க்கரையை நிறுத்துதல் நலம் என்பது 2015-இல் உலக சுகாதார நிறுவனம் கூறிய அளவு. கணக்கு உங்கள் கையில்.

கொக்கோ வெண்ணெய் ஏறத்தாழ 34 பாகையில் உருகும். நாகர்கோவில் கோடைக்கு அது தாங்காது. தேங்காய்ப்பாலும் விரைவில் புளிக்கும். ஆதலின் குளிர்சாதனப் பெட்டியிலேயே வைத்து, மூன்று நாள்களுக்குள் உண்டுவிடுக.